தூரிகை ஏன் வரைய மறுக்கிறது?

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரைகளைக் காக்கவும் மீட்கவும் போரிட்டு உயிர்நீத்த வீரர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் இவற்றில் பல. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவையும் இவற்றுள் உண்டு. தருமபுரியிலுள்ள அகழ்வைப்பகத்தில் சில கற்களைக் காணலாம். வேறு பல, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றன. அவற்றின் எழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து வருகின்றன.

இத்தகைய கல் ஒன்றைச் செல்பேசியில் படமெடுத்துக் கணினியில் தெளிவாக்கிப் பள்ளிக் கண்காட்சியில் வைக்க நீங்கள் விரும்பலாம். நல்ல முயற்சி. இதற்குக் 'கிம்ப்' என்னும் இலவச மென்பொருள் போதுமானது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. 1996இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் இதைப் பயன்படுத்தத் தொடங்கியவுடன் சில தொல்லைகள் தோன்றும். தூரிகை வரையாது. அழித்த இடம் வெள்ளையாகும். பெரிதாக்கிய படம் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ் எழுத்து புரியாத குறிகளாக மாறும். எல்லாவற்றையும்விட மோசமானது, தெளிவாக்கப் போய்க் கல்லிலிருந்த எழுத்தே படத்தில் மறைந்துவிடுவது. இவை தனித்தனி நோய்களாகத் தோன்றினாலும் ஒரே உண்மையை அறிந்தால் எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துவிடலாம். அந்த உண்மை இதுதான்: கணினியிலுள்ள படம் ஓர் எண் அட்டவணை.

படமா, எண்களா?

சதுரக் கோட்டுத்தாள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுதியிருக்கிறது. 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. இடைப்பட்ட எண்கள் சாம்பல் நிறத்தின் படிநிலைகள். இந்தக் கட்டத்தையே படப்புள்ளி அல்லது பிக்சல் என்கிறோம். வண்ணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 256 நிலைகளில் ஒன்றைப் பெறுவதால் கிடைக்கக்கூடிய நிறங்கள் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216.

1957இல் அமெரிக்க அறிவியலார் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் நிழற்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் செலுத்தினார். அதில் 176 வரிசைகள். வரிசைக்கு 176 புள்ளிகள். மொத்தம் 30,976. இன்று செல்பேசி எடுக்கும் 4000 × 3000 அளவுள்ள படத்தில் ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. அளவுதான் வளர்ந்தது, அடிப்படை மாறவில்லை. படத்தைத் திருத்துவது என்பது இந்த எண்களை மாற்றுவதே. ஆகவே தொல்லை வரும்போதெல்லாம் 'எந்த எண்ணை மாற்றச் சொன்னேன்? எந்த எண் மாறியது?' என்று கேட்டுப் பழகுங்கள்.

தூரிகை வரையவில்லை

தூரிகையை எடுத்துத் தேய்க்கிறீர்கள். திரையில் எதுவும் நிகழவில்லை. மென்பொருள் கெட்டுவிட்டதென்று கணினியை அணைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் கொடுத்த கட்டளையைத்தான் அது பின்பற்றுகிறது.

முதலில் தேர்வுப் பகுதியைப் பாருங்கள். படத்தில் எங்கேனும் எறும்பு ஊர்வதுபோல் ஒரு புள்ளிக்கோடு நகர்கிறதா? அந்தக் கோட்டுக்குள் உள்ள எண்களை மட்டுமே மாற்று என்பது அதன் பொருள். வெளியே எத்தனை முறை தேய்த்தாலும் நிறம் ஒட்டாது. 'செலக்ட்' பட்டியலில் 'நன்' என்பதை அழுத்தினால் தடை நீங்கும். சில சமயம் தேர்வுப் பகுதி மிகச் சிறியதாக, கண்ணில் படாமல் ஒரு மூலையில் இருக்கும். ஆகவே கோடு தெரியாவிட்டாலும் இந்தக் கட்டளையை ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து அடுக்குகளைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தகடுகளைப் போன்றவை 'லேயர்' எனப்படும் அடுக்குகள். அடியில் உள்ள தகட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வரைந்தால், மேல் தகடு அதை மறைத்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த அடுக்கின் பக்கத்திலுள்ள கண் குறி அணைந்திருந்தாலும் வரைந்தது தெரியாது. அடுக்கு படத்தைவிடச் சிறியதாக இருந்தால் அதன் விளிம்புக்கு அப்பால் எண் எழுதக் கட்டமே இல்லை.

மூன்றாவதாகத் தூரிகையின் அடர்த்தியையும் நிறத்தையும் பாருங்கள். அடர்த்தி 0 என்றிருந்தாலோ, வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தால் வரைந்தாலோ மாற்றம் எப்படித் தெரியும்?

'நான் கொடுத்த நிறம் ஒன்று, விழுந்த நிறம் வேறு' என்பது இதற்கு நெருங்கிய தொல்லை. ஜிஃப் வகைப் படங்களில் அதிகபட்சம் 256 நிறங்களுக்கே இடமுண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத நிறத்தைக் கேட்டால், இருப்பவற்றில் நெருங்கியது வந்து விழும். 'இமேஜ்' பட்டியலின் 'மோட்' பகுதியில் 'ஆர்ஜிபி' என மாற்றினால் எல்லா நிறங்களுக்கும் வழி திறக்கும்.

அழித்தேன், வெள்ளையானது

கல்லைச் சுற்றியுள்ள புல்லை நீக்கி, கல்லை மட்டும் வேறு பின்னணியில் வைக்க விரும்புகிறீர்கள். அழிப்பானால் தேய்த்தால் புல் போய் வெள்ளைப் பட்டை வருகிறது. காரணம் எளிது. ஜேபெக் வகைப் படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று எண்களே உண்டு. 'இங்கே எதுவும் இல்லை' என்று சொல்ல அதில் எண் இல்லை. ஆகவே மென்பொருள் பின்னணி நிறத்தை எழுதுகிறது. 'லேயர்' பட்டியலில் 'டிரான்ஸ்பரன்சி' பகுதிக்குச் சென்று 'ஆட் ஆல்ஃபா சேனல்' என்பதை அழுத்துங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்காவதாக ஓர் எண் சேரும். அது 0 ஆனால் அந்த இடம் கண்ணாடிபோல ஆகிவிடும். முடிந்த படத்தைப் பிஎன்ஜி வகையில் வெளியிடுங்கள். ஜேபெக்கில் வெளியிட்டால் நான்காம் எண் மறுபடியும் போய்விடும்.

பெரிதாக்கினேன், கட்டம் தெரிகிறது

செயலி வழியே நண்பர் அனுப்பிய படம் 1600 × 1200 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதை 24 அங்குல அகலமுள்ள சுவரொட்டியாக அச்சிட்டால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 67 புள்ளிகளே கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் 0.38 மி.மீ. அகலமுள்ள சதுரமாகும். நம் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரை பிரித்தறியும். 30 செ.மீ. தொலைவில் இது 0.09 மி.மீ. ஆகவே கையில் பிடித்துப் பார்ப்பவருக்குச் சதுரங்கள் தெளிவாகத் தெரியும். 1.3 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கோ அவை ஒன்றோடொன்று கலந்து படம் சீராகத் தோன்றும்.

பெரிதாக்கும்போது மென்பொருள் புதிய புள்ளிகளை நுழைக்கிறது. ஆனால் அவற்றின் எண்களைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து ஊகித்தே எழுதுகிறது. கல்லில் இருந்த செய்தி கூடுவதில்லை. பல செயலிகள் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. எனவே மூலப்படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ் எழுத்து குறிகளாகிறது

எழுத்தும் கணினிக்கு எண்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கிலத்தின் சிறிய 'எம்' எழுத்துக்குரிய 109ஆம் எண்ணில் 'அ' வடிவத்தை வைத்தார்கள். எழுத்துருவை மாற்றியவுடன் 'எம்' வெளிப்பட்டுவிடும். ஒருங்குறியில் 'அ'வுக்கென்றே 2949 என்ற தனி எண் உண்டு. அது வேறு எழுத்தாக மாறாது. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆகவே ஒருங்குறியில் தட்டச்சிட்டு, தமிழ் வடிவங்கள் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

தெளிவாக்கினேன், எழுத்து மறைந்தது

இதுவே ஈடுசெய்ய இயலாத இழப்பு. கல்லின் பரப்பு 90 முதல் 150 வரையுள்ள எண்களில் அடங்குகிறது எனக் கொள்வோம். ஓரிடத்தில் எழுத்தின் பள்ளம் 100. அதன் அருகிலுள்ள பரப்பு 112. வேறுபாடு 12 மட்டுமே, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது. 'கலர்ஸ்' பட்டியலிலுள்ள 'லெவல்ஸ்' கருவியால் 90ஐ 0 ஆகவும் 150ஐ 255 ஆகவும் நீட்டினால் எல்லா வேறுபாடுகளும் 4.25 மடங்காகும். 12 என்பது 51 ஆகிறது. எழுத்து எழுந்து நிற்கிறது.

இன்னும் பளிச்சென்று வரட்டும் என்று வெள்ளை முனையை 120க்கு இழுத்தால் என்ன ஆகும்? 120, 130, 140 என்றிருந்த புள்ளிகள் யாவும் 255 ஆகிவிடும். வெளிச்சம் நன்றாக விழுந்த பக்கத்தில் 130க்கும் 140க்கும் இடையே தெரிந்த எழுத்து இப்போது ஒரே வெள்ளை. இந்நிலையில் சேமித்து மூடிவிட்டால், பிறகு எந்தக் கருவியாலும் அந்த 255களுள் எது 130, எது 140 என்று பிரிக்க முடியாது. ஒகேனக்கல் அருவியின் நுரை படத்தில் வெறும் வெள்ளையாக விழுவதும் இதே காரணத்தால்தான். அங்கே கேமராவே எண்களை 255இல் முட்டவிட்டது.

சேமிக்கும் வகையும் எண்களை மாற்றும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974இல் ஒரு கணித முறையை வெளியிட்டனர். 1992இல் வந்த ஜேபெக் முறைக்கு அதுவே அடித்தளம். படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்ணிய மாற்றங்களைக் கைவிட்டு, கோப்பைச் சிறிதாக்கும் முறை இது. பார்ப்பதற்கு நல்லதுதான். ஆனால் தேய்ந்த எழுத்தின் விளிம்பும் ஒரு நுண்ணிய மாற்றமே! திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்மானம் நேரும்.

ஆகவே மூலப்படத்தைத் தனி உறையில் வைத்து, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கிம்ப் 2.8 பதிப்பு 2012இல் வந்ததிலிருந்து 'சேவ்' என்பது வேலைக்கோப்பை மட்டுமே காக்கும். அதன் பெயர் எக்ஸ்சிஎஃப் என முடியும். அடுக்குகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். பிறருக்குக் கொடுக்கும் படத்துக்கு 'எக்ஸ்போர்ட்' கட்டளை. 'ஓவர்ரைட்' என்ற கட்டளை மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். அதைத் தொடாதிருப்பதே நன்று.

கோளாறு கல்லடியிலும் இருக்கலாம்

எல்லாக் கோளாறும் கணினியில் பிறப்பதில்லை. 2 மி.மீ. உயரமுள்ள ஒரு விளிம்பின் மேல் 60 பாகை உயரத்திலிருந்து வெயில் விழுந்தால் நிழலின் நீளம் 1.2 மி.மீ.தான். 15 பாகைச் சாய்வில் விழுந்தாலோ 7.5 மி.மீ. அதாவது, எழுத்தின் பள்ளம் முழுவதும் நிழலால் நிறைந்துவிடும். எனவே உச்சி வெயிலில் எடுத்த படத்தோடு மணிக்கணக்கில் மல்லாடுவதைவிட, கல்லின் முகத்தில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையில் மீண்டும் எடுப்பது மேல். கேமரா பதியாததை மென்பொருள் தர இயலாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மங்கிய எழுத்தின் மேல் 'இது இந்த எழுத்தாகத்தான் இருக்கும்' என்று தூரிகையால் வரைந்துவிடாதீர்கள். படம் முழுவதற்கும் ஒரே சீராகச் செய்யும் மாற்றம், இருப்பதைக் காட்டுகிறது. தூரிகையால் சேர்த்த கோடோ இல்லாததை நுழைக்கிறது. 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' போன்ற நூல்களுக்குப் பின்னால், கல்லில் தாளை ஒற்றி மையிட்டுப் படியெடுத்தவர்களின் உழைப்பு இருக்கிறது. கல்லில் இல்லாத ஒரு கோட்டையும் சேர்க்காத படியே ஆய்வுக்கு உதவும். உங்கள் ஊகத்தைத் தனி அடுக்கில் வேறு நிறத்தில் வரைந்து, 'இது ஊகம்' என்று குறித்துவையுங்கள். நாளை கல்லில் எழுத்து அறவே தேய்ந்துபோனால் உங்கள் மூலப்படமே சான்றாக நிற்கக்கூடும்.

செய்து பாருங்கள்

1. ஒரு பழைய நாணயத்தை மேசைமேல் வையுங்கள். கைவிளக்கை முதலில் நேர் மேலேயும் பிறகு பக்கவாட்டில் தாழ்வாகவும் பிடித்து இரண்டு படங்கள் எடுங்கள். எதில் எழுத்து தெளிவு?

2. அந்தப் படத்தைப் பத்து முறை மாறி மாறித் திறந்து, ஒவ்வொரு முறையும் சிறிது திருத்தி, குறைந்த தரத்தில் ஜேபெக்காக வெளியிடுங்கள். பத்தாவதையும் மூலப்படத்தையும் நான்கு மடங்கு பெரிதாக்கி ஒப்பிடுங்கள்.

3. தூரிகை வரையாமல் போகும்படி வேண்டுமென்றே மூன்று வழிகளில் செய்து, உங்கள் நண்பரைக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் இதே விதிதான்.