நடைமுறைக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுகிறீர்களா?

பிரித்தானியாவில் 2013 முதல் புதிய வங்கியிடம் சொன்னால் போதும். ஏழு வேலை நாட்களில் பழைய கணக்கின் கொடுப்பனவுகள் எல்லாம் மாறிவிடும். ஆனால் இங்கே, கொழும்பு ஹெவ்லொக் டவுனில் கடை வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் தானே மாற்றவேண்டும். புதிய காசோலைப் புத்தகம் கைக்கு வரும்வரை பழைய கணக்கை மூடவே வேண்டாம்.

பெரிய தலையிடி, வரும் மாதங்களின் திகதி போட்டுக் கொடுத்த காசோலைகள்தான். கடை வாடகைக்கு ஒன்று, புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு இரண்டு என்று வெளியே நிற்கும். அடிக்கட்டைகளைப் புரட்டி, இன்னும் காசாகாதவற்றை எழுதிக்கொள்ளுங்கள். திகதியிலிருந்து 6 மாதம்வரை காசோலையை வங்கியில் போடலாம். கணக்கை மூடியபின் ஒன்று போய்த் திரும்பினால், வருடக்கணக்காய்ச் சேர்த்த நல்ல பெயர் போய்விடும். ஆகவே நேரில் போய்ப் பழையதை வாங்கிக்கொண்டு, புதிய வங்கியின் காசோலையைக் கொடுங்கள். வியாபாரிகள் இதைத் தப்பாக எடுக்கமாட்டார்கள், சொல்லாமல் விட்டால்தான் கோபிப்பார்கள்.

லீசிங் தவணை, காப்புறுதிக் கட்டணம் போன்ற நிலையியற் கட்டளைகளைப் புதிய வங்கியில் மறுபடி எழுதிக் கொடுங்கள். மிஞ்சிய காசோலைத் தாள்களை ஒப்படைத்து, கணக்கு மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய கணக்குக் கூற்றுகளையும் அப்போதே எடுத்துவிடுங்கள், வருமான வரிக்குத் தேவைப்படும்.