கையில் ஒட்டிய பசையும் ஒளுவும்

ஒளு சரியாக அமைந்தால்தான் தொழுகை நிறைவேறும் என்பதை மக்தபில் ஓதும் சிறுவரும் அறிவர். ஆனால் உழைத்துப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கு ஒளுவில் ஏற்படும் சில சங்கடங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கையில் ஒட்டிக்கொண்ட பசையும் பிசினும் அத்தகைய ஒரு சங்கடம். இந்த மாதம் அதைப்பற்றிச் சிறிது விளக்கமாகவே எழுத விரும்புகிறோம். அதற்குக் காரணம் போடிமெட்டில் நாம் கண்ட ஒரு காட்சியாகும்.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் போடிமெட்டு. அதைச் சுற்றிலும் ஏலத்தோட்டங்கள். கோடையில் ஏலச்செடிக்குத் தண்ணீர் விடவேண்டும். அதற்காகச் சரிவெங்கும் பிளாஸ்டிக் குழாய்கள் போட்டிருப்பார்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது ஒருவகைப் பசை. "சொல்யூஷன்" என்று தொழிலாளர்கள் அதைச் சொல்வார்கள். நண்பர் ஒருவரின் தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தபோது அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

லுஹர் நேரம் வந்தது. எல்லோரும் ஒளுச் செய்ய எழுந்தனர். ஓர் இளைஞர் மட்டும் எழவில்லை.

"தம்பி, தொழ வரவில்லையா?" என்றோம்.

"கையெல்லாம் சொல்யூஷன், ஹஜ்ரத். இதோட ஒளு கூடாதே! சாயங்காலம் போடிக்கு இறங்கிக் குளிச்சிட்டு, லுஹரையும் அஸரையும் மஃரிபோட சேர்த்துத் தொழுதுக்கிறேன்" என்றார்.

அவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரியவர். அவர் பழைய பிளேடு ஒன்றினால் தம் விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பசையோடு தோலும் வந்து, இரத்தம் கசிந்தது. "என்ன அத்தா இது?" என்று பதறிப்போய்க் கேட்டோம். "ஒட்டினது போகாம தண்ணி சேராதே! தொழுகை வீணாயிடக் கூடாதில்லையா?" என்றார்.

ஒரே இடத்தில் இரு தவறுகள். ஒருவர் பசைக்காகத் தொழுகையை விட்டார். மற்றவர் தொழுகைக்காகத் தோலை உரித்தார். இருவருடைய உள்ளத்திலும் அல்லாஹ்வின் அச்சம் இருந்தது. மஸ்அலா தெரியாததுதான் குறை.

எது தடை? எது தடையல்ல?

ஒளுவில் முகத்தையும், முழங்கை உட்பட இரு கைகளையும், கணுக்கால் உட்பட இரு கால்களையும் கழுவ வேண்டும். தலையை மஸ்ஹுச் செய்ய வேண்டும். இது அல்மாயிதா அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் வந்துள்ள கட்டளை. கழுவுதல் என்றால் தோலின் மீது தண்ணீர் பட்டு ஓடவேண்டும். ஒரு பயணத்தில் அஸர் நேரம் நெருங்கிவிட, ஸஹாபாக்களில் சிலர் அவசர அவசரமாக ஒளுச் செய்ததில் குதிகால்கள் நனையாமல் விடுபட்டன. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் உரத்த குரலில் எச்சரித்தார்கள். காலில் நகமளவு இடம் நனையாதிருந்த ஒருவரைத் திரும்பிப் போய் நன்றாக ஒளுச் செய்யுமாறு ஏவினார்கள் என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆகவே, "சிறிய இடம்தானே!" என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை.

இதிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு விதியை வகுத்தனர். தோலின்மேல் படலமாக நின்று தண்ணீரைத் தடுக்கும் பொருள் தடையாகும். வெறும் நிறமும் வெறும் பிசுபிசுப்பும் தடையல்ல. மெழுகு, மாவு போன்றவை உறுப்பில் ஒட்டியிருந்து தண்ணீரைத் தடுத்தால் ஒளு கூடாது. மருதாணியின் நிறம் மட்டும் எஞ்சியிருந்தாலும், எண்ணெய்ப் பசையின் மீது தண்ணீர் பட்டு ஓடினாலும் ஒளு கூடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் "மஜ்மூஃ" நூலில் விளக்கியுள்ளார்கள்.

இதன்படி, ஏலக்காய் பறித்த விரலிலுள்ள கறை வெறும் கறைதான், ஒளுவுக்குத் தடையில்லை. நகத்தால் தடவினால் மேடாகத் தட்டுப்படும் பலாப்பிசின், காய்ந்த பெயிண்ட், குழாய்ப்பசை ஆகியவை தடையாகும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முழங்கைக்கு மேல் ஒட்டியது ஒளுவைப் பாதிக்காது. கடமையான குளிப்புக்குத்தான் அதை நீக்கவேண்டும். தலைமுடியில் சில சொட்டுகள் தெறித்திருந்தால் ஒளுவுக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஹனஃபீ மத்ஹபில் தலையில் கால்பாகமும், ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவும் மஸ்ஹுச் செய்தால் பர்ளு நிறைவேறிவிடும்.

நீக்கும் வழி

"பசையை எடுங்கள்" என்று சொல்லிவிட்டு, எடுக்கும் வழியைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பசைக்குப் பசை வழி வேறுபடும்.

பலாப்பிசினுக்கு நம் வீட்டுப் பெண்கள் கண்ட வைத்தியமே சிறந்தது. பழத்தை அறுக்குமுன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். ஒட்டிய பிறகும் எண்ணெயைத் தேய்த்தால் பிசின் இளகும். துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவலாம். செருப்புக்கும் பலகைக்கும் போடும் ரப்பர் பசையும் எண்ணெய்க்கு ஓரளவு இளகும்.

மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை நீரில் கலந்து செய்யப்படுவது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையைச் சற்று ஊறவைத்தால் போதும். தோலாக உரிந்து வந்துவிடும்.

குழாய்ப்பசை அவ்வாறன்று. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டவைக்கும் திரவம். கையில் பட்டவுடனே, ஈரம் காய்வதற்குள், பழந்துணியால் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவுவதே புத்திசாலித்தனம். காய்ந்துவிட்டால் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கவேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அருகில் பீடி பற்றவைப்பது ஆபத்து.

சிறு குழலில் விற்கும் உடனே ஒட்டும் பசைதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. காற்றிலும் தோலிலுமுள்ள ஈரத்தைக் கொண்டே அது நொடியில் இறுகிவிடும். இரு விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள், தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டி உருட்டிப் பிரிக்கவேண்டும். அசையாவிட்டால் நகச்சாயம் நீக்கும் அசிட்டோன் சில சொட்டு உதவும். ஆனால் புண்ணிலும், கண், வாய்க்கு அருகிலும், நெருப்பிருக்கும் இடத்திலும் அதைப் பயன்படுத்தக்கூடாது. இந்தப் பசை பருத்தித் துணியிலும் பஞ்சிலும் பட்டால் சூடேறித் தோலைச் சுடும். ஆதலால் வழியும் பசையைப் பஞ்சால் ஒற்றாதீர்கள். பருத்திக் கையுறையும் வேண்டாம். இமையில் ஒட்டினால் வெதுவெதுப்பான நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். நாமாகப் பிரிக்க முயலக்கூடாது.

இரண்டு கலவைகளைச் சேர்த்துக் குழைக்கும் பசை இறுகுவதற்குள் துடைத்துச் சோப்பால் கழுவவேண்டும். தின்னரால் துடைத்தால் அது பசையை இன்னும் தோலுக்குள் செலுத்தும்.

எந்தப் பசைக்கும் பிளேடு, உப்புத்தாள், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகிய நான்கும் வேண்டாம். இவற்றால் நீங்குவது பசை மட்டுமல்ல, தோலும்தான்.

முயன்றும் போகாவிட்டால்?

அந்தப் பெரியவருக்கு நாம் சொன்னது இதுதான். ஒரு பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தே ஆகவேண்டும் என்று உடனிருந்தோர் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள்; தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்திருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள். அபூதாவூது நூலில் இச்சம்பவம் வந்துள்ளது. உடலுக்கு ஊறு செய்து நிறைவேற்றும்படி மார்க்கம் நம்மைக் கேட்கவில்லை.

ஆகவே, எளிய வழிகளால் இயன்றவரை நீக்கவேண்டும். அதற்குமேல் எடுத்தால் தோல் கிழியும், புண்ணாகும் என்ற நிலை வந்தால் அங்கே சலுகை பிறக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு, போடிப் பகுதிகளிலுள்ள இராவுத்தர் மக்களில் பெரும்பாலோர் ஹனஃபீ மத்ஹபினர். சாயத்தொழிலாளியின் நகத்தில் படிந்திருப்பது ஒளுவுக்குத் தடையாகாது என்று அம்மத்ஹபின் "துர்ருல் முக்தார்" நூலில் கூறப்பட்டுள்ளது. தொழிலின் நிர்ப்பந்தத்தைச் சட்ட அறிஞர்கள் எவ்வளவு கருணையோடு பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. எனினும் எளிதில் எடுக்கக்கூடிய பசையை எடுக்காமல் விடுவதற்கு இதை ஆதாரமாக்கக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபினர், காயத்தில் கட்டுப் போட்டவருக்குரிய சட்டத்தையொட்டி, மற்ற இடங்களைக் கழுவி, ஒட்டியதன்மீது நீரால் தடவி, தயம்மமும் செய்யவேண்டும். அது முகத்திலோ கையிலோ இருந்தால் தொழுகையைப் பின்னர் மீட்டவும் வேண்டும். இதன் விவரங்களை ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

தொழுத பிறகு பசை கண்ணில் பட்டால் என்ன செய்வது? ஒளுவுக்கு முன்பே ஒட்டியது என்று உறுதியாகத் தெரிந்தால், அதை நீக்கி அவ்விடத்தைக் கழுவி, தொழுகையை மீட்டவேண்டும். ஹனஃபீ மத்ஹபில் ஒளு முறியாதிருந்தால் அவ்விடத்தை மட்டும் கழுவினால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் வரிசைமுறை பர்ளு. எனவே அவ்விடத்தோடு, அதற்குப் பின்வரும் உறுப்புகளையும் மீண்டும் செய்யவேண்டும். முன்பு ஒட்டியதா, பின்பு ஒட்டியதா என்பதே ஐயமாக இருந்தால் பின்பு ஒட்டியதாகவே கொள்ளலாம். வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

தொழுகையை விடுவதற்கு மட்டும் இவை எதிலும் இடமில்லை. அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் தலைகுனிந்தார். தோட்டத்து அடுப்பில் வெந்நீர் இருந்தது. சமையற்கட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. கால் மணி நேரத்தில் அவர் கை சுத்தமாயிற்று. பெரியவருடைய புண்ணைக் கழுவித் துணி கட்டினோம். கட்டின்மீது மஸ்ஹுச் செய்தார். லுஹர் நேரம் இன்னும் மிச்சமிருந்தது. இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றார்கள்.

தொழில் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு யோசனை. ஒட்டும் வேலையைக் கூடியவரை ஒரு தொழுகையை முடித்தவுடன் தொடங்குங்கள். அடுத்த வக்துக்குள் கையைச் சுத்தம் செய்ய அவகாசம் இருக்கும். ரப்பர் கையுறை அணியுங்கள். கருவிப் பையில் ஒரு சிறு சீசா தேங்காய் எண்ணெய், ஒரு துண்டுச் சோப்பு, ஒரு பழந்துணி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவொன்றும் இல்லை.

ஹலாலான உழைப்பால் அழுக்கான கரங்கள் இழிவானவை அல்ல. அக்கரங்களைத் தூய்மையாக்கி, உரிய நேரத்தில் அவன் முன்னிலையில் கட்டி நிற்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.