பின்தங்கிய மாணவருக்குப் பாடம் எங்கே தொடங்க வேண்டும்?



ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தையே தட்டுத் தடுமாறித்தான் வாசிக்க வருகிறது என்றால், ஏழாம் வகுப்புப் பாடத்தை மறுபடி நடத்துவதால் பயனில்லை. படிப்பில் பின்தங்கியவர்களுக்கான திட்டங்களில் உருப்படியானவை, வகுப்பைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மாணவருக்கு இப்போது என்ன தெரியும் என்று பார்த்துத் தொடங்குகின்றன.

இந்தியாவில் இந்த முறையைப் பரவலாக்கியது, 1990-களில் மும்பையில் பிறந்த ‘பிரதம்’ அமைப்பு. அதன் ‘பால்சகி’ திட்டத்தில், மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, அதே பகுதி இளம்பெண் ஒருவர் பள்ளி நேரத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்தார். மும்பையிலும் வதோதராவிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடைசி நிலையில் இருந்த பிள்ளைகளே அதிகம் பயனடைந்திருந்தார்கள். ஆனால் திட்டத்தை விட்டு வந்த ஓராண்டில் அந்தப் பயனில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. தொடர்ச்சி இல்லாத உதவி நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்ததே ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம். தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள். மாத ஊக்கத்தொகை 1000 ரூபாய். அடுத்து 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதில் தொடக்கத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிந்து படித்தார்கள்.

நிலையறிந்து கற்பிப்பது எப்படி என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கு போதும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுபவருக்கு அது தப்பு விடை, அவ்வளவுதான். கூர்ந்து பார்ப்பவருக்கோ, பிள்ளைக்குக் கழிக்கத் தெரியும், இடமதிப்புதான் புரியவில்லை என்பது விளங்கும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்து 27 குச்சிகளை எடுக்கச் சொன்னால், ஒரு கட்டை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்த பிறகு உதிரி 12, அதில் ஏழு போனால் ஐந்து. மீதி நான்கு கட்டில் இரண்டு போனால் இரண்டு. விடை 25. கடன் வாங்குவது என்று கரும்பலகையில் சொன்னதெல்லாம் அப்போதுதான் கைக்குப் பிடிபடும்.

பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதில் ஆபத்தும் உண்டு. ‘மக்குக் குழு’ என்று பெயர் விழுந்துவிட்டால் திட்டமே கெட்டுவிடும். அதனால் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை குழுக்களை மாற்றியமைக்க வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கரும்பலகை சரியாகத் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் கிடைக்கும். இது சலுகை அல்ல, உரிமை. கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது.

பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வருகிறது. அதிலும் தேறாதவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற தொழிற்பிரிவுகளில் சேரவும் வழி உண்டு.