கர்ப்பிணிகளும் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசியும்

“வயிற்றில் பிள்ளையிருக்கும்போது காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? நோய் வருமுன்பே மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு மாறல்லவா?” என்று நம் வீடுகளில் கேட்கின்றனர். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஊசியால் தீங்கு உண்டா என்பது மருத்துவர் கூற வேண்டியது. அறியாததை அறிந்தோரிடம் கேட்கும்படியே குர்ஆன் ஷரீஃப் நம்மை ஏவுகிறது. தவக்குல் பற்றியது மார்க்கம் கூற வேண்டியது.

மருத்துவர்கள் கூறுவதை முதலில் பார்ப்போம். இன்ஃப்ளூயன்ஸா வெறும் ஜலதோஷமன்று. கருவுற்ற காலத்தில் இருதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைப்பதால், அது கர்ப்பிணியை நிமோனியாவில் தள்ளிவிடக் கூடும். 1918-லும் 2009-லும் உலகெங்கும் இக்காய்ச்சல் பரவியபோது கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ஆபத்து நேர்ந்தது. 2012-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசி போடப்பட வேண்டியோரில் கர்ப்பிணிகளையே முதலில் வைத்தது. எந்த மாதத்திலும் போடலாம் என்றும் கூறியது. ஊசியிலுள்ள கிருமி செயலிழக்கச் செய்யப்பட்டது. அதனால் காய்ச்சல் நோய் தொற்றாது. கை வலியும், இரண்டொரு நாள் உடம்பு வலியோ இலேசான காய்ச்சலோ ஏற்படலாம். முன்பு இதே ஊசியால் கடும் ஒவ்வாமை கண்டவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மூக்கில் தெளிக்கும் மருந்து வேறு. அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இவ்வூசியைப் போடுவதில்லை. அந்நாட்களில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே அதற்குக் காவல். டாக்காவில் 340 தாய்மார்களைக் கொண்டு நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பரிசோதனையில் உறுதியான இன்ஃப்ளூயன்ஸா 63 சதவீதம் குறைந்திருந்தது.

இனி தவக்குல். காலையில் ஏழு அஜ்வா பேரீத்தம்பழம் உண்பவரை அன்று விஷம் தீண்டாது என்று நபி (ஸல்) அவர்கள் அருளியது புகாரியில் உள்ளது. தீங்கு வருமுன் காத்துக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்றறிந்ததும் உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃகு என்னுமிடத்திலிருந்தே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். ரண ஜன்னி ஊசியை மறுக்காமல் போட்டுக்கொள்ளும் நம் பெண்கள், இதற்கு மட்டும் தவக்குலைக் காட்டுவது நமக்கு விளங்கவில்லை.

பன்றிக் கொழுப்புக் கலந்தது என்ற பேச்சும் உண்டு. கொழுப்பன்று, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் மேற்சொன்ன மூக்கு மருந்தில் சேர்க்கப்படுகிறது. ஊசி மருந்துகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. பல கோழிமுட்டையில் வளர்த்துத் தயாரிக்கப்படுபவை. ஐயமிருப்பவர் மருந்துடன் வரும் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நஜீஸ் மாறிப் புதுப்பொருளாகிவிட்டால் சுத்தமாகுமா என்பதில் ஹனஃபி மத்ஹபு இடமளிப்பதுபோல் ஷாஃபிஈ மத்ஹபு அளிப்பதில்லை. ஜெலட்டினில்லா ஊசி கிடைக்கும்போது அவ்விவாதத்திற்குள் நுழையத் தேவையேயில்லை.

ஊசியை ஃபர்ளு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் சொல்லியும், அவள் விரும்பியும், கணவரோ மாமியாரோ “மார்க்கத்தில் கூடாது” என்று தடுப்பார்களாயின், மார்க்கம் சொல்லாததை அதன்மீது ஏற்றுகிறார்கள். புஜத்தில் போடும் ஊசி. பெண் நர்ஸிடம் போட்டுக்கொண்டால் பர்தா பற்றிய கவலையும் இல்லை.

ரமலானில் பகலில் போட்டாலும் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் ஃபத்வா. தசையில் போடும் ஊசி, திறந்த துவாரத்தின் வழியே உள்ளே செல்வதன்று. பின்னர் காய்ச்சல் கண்டு, தன் உடலுக்கு அஞ்சி நோன்பை விட்டால் களா மட்டும் போதும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே.