அயிரை மீனும் கண்மாய் மணலும்

மதுரை ஆரப்பாளையத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் அயிரைக் குழம்பின் ருசியை அறியாதார் அரியர். ஆயினும் அம்மீன் எங்ஙனம் ஜீவிக்கின்றது என்பதை அறிந்த குடியானவர் சிலரே. இரண்டு மூன்று அங்குல நீளமே உள்ள இச்சிறு பிராணி, ஏனைய மீன்களைப் போல் நீரை மட்டும் நம்பி வாழ்வதன்று. நீரின் அடியிலுள்ள மணலை நம்பி வாழ்வது. மணல் போயின் அயிரையும் போகும்.

மஞ்சள் கலந்த உடலில் கரும்புள்ளிகள் நிரம்பிய இம்மீனின் வாயைச் சுற்றிச் சிறு மீசைகள் உண்டு. கண்ணுக்குக் கீழே கவைத்த முள் ஒன்று மறைந்திருக்கும். கையிற் பிடிப்போருக்கு அது குத்துவதால் தெரியும். ஆபத்து நேரின் ஒரு நொடியில் மணலுட் புகுந்து, கண்கள் மட்டும் வெளியே தெரியுமாறு கிடக்கும். மணலை வாயில் வாங்கிச் சிறு புழுக்களையும், பூச்சிகளின் இளம் பருவங்களையும், பாசியையும் சலித்து எடுத்துக்கொண்டு, எஞ்சிய மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். நீரில் பிராணவாயு குறையுங்கால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலின் மூலம் சுவாசிப்பது இவ்வினத்து மீன்களின் விசேஷ குணம். இக்காரணத்தால் கண்மாய் வற்றிச் சேறான பின்னரும் ஈரமுள்ள இடத்தில் அவை சிறிது காலம் உயிர் தரிக்கும். இலங்கையில் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றிலிருந்து கிடைத்த அயிரையைக் கொண்டே 1846இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டது.

மணலிற் புதையும் வழக்கம் அயிரைக்கு மட்டும் உரியதன்று. ஆழமற்ற கடலோரங்களில் வாழும் கிழங்கான் மீனும் வலை நெருங்கக் கண்டால் மணலுட் புகுந்துகொள்ளும். எனினும் கடல் பரந்தது. ஓரிடம் கெட்டால் கிழங்கான் வேறிடம் செல்லலாம். கண்மாயிலும் கால்வாயிலும் அகப்பட்ட அயிரைக்கு அவ்வசதி இல்லை.

1895இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பட்டதனால் மதுரைச் சமவெளியின் கால்வாய்கள் பல நீர் வளம் பெற்றன. 1959இல் வைகை அணை திறக்கப்பட்ட பின்னர், ஆரப்பாளையத்தை ஒட்டிய ஆற்றில் நீர் வருவது திறந்துவிடும் காலத்தைப் பொறுத்ததாயிற்று. மணல் அள்ளப்பட்டும் சாக்கடை கலந்தும் ஆற்றுப்படுகை அயிரைக்கு ஏற்ற தன்மையைப் பெரிதும் இழந்துவிட்டது. ஆகவே அதற்கு எஞ்சிய புகலிடம் கிராமத்துக் கண்மாய்களும் வரத்துக் கால்களுமே.

இங்கே ஒரு விபரீதம் நிகழ்கின்றது. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களை வளர்ப்போர், குஞ்சு விடுமுன் இலுப்பைப் பிண்ணாக்கை இட்டு நீரிலுள்ள மீன்கள் அனைத்தையும் கொல்வதுண்டு. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு 2,500 கிலோ என்பது இதற்குரிய அளவு. இது தனியார் குட்டைக்குப் பொருந்தும் முறையே. பிண்ணாக்கு பின்னர் உரமாகவும் பயன்படும். ஆனால் ஊர்க் கண்மாயில் இதனைச் செய்வோர், எடைக்கு எடை கெண்டையைவிட அதிக விலை பெறும் மீனைத் தம் கையாலேயே அழிப்போர் ஆவர். விதைநெல்லை அவித்து உண்பதற்கு இது சற்றும் குறைந்ததன்று.

நஞ்சையில் தெளிக்கும் மருந்துகளுள் பைரித்திராய்டு வகையைச் சேர்ந்தவை மீனுக்குக் கொடிய விஷமாகும். தெளித்த வயலின் நீரை உடனே வடிகாலில் விடுதலும், தெளிப்பானை வரத்துக்காலிற் கழுவுதலும் கூடாது. கரம்பை எடுப்பது வயலுக்கும் கண்மாய்க்கும் நன்மையே. ஆயினும் மணற்பாங்கான பகுதியை முழுவதும் சுரண்டாமல், மடைக்கு அருகே ஒரு பள்ளத்தில் கோடையிலும் நீர் நிற்குமாறு விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு வித்து மீன் மிஞ்சும். புதுநீர் வருங்கால் கொசுவலையைக் குறுக்கே கட்டிச் சினை மீனையும் குஞ்சையும் வாரி எடுப்பதை ஊரார் கூடித் தடுப்பது நலம். ஆண் மீனின் மார்புத் துடுப்பில் உட்புறக் கதிர்கள் தடித்து ஒன்றியிருக்கும். சினை முதிர்ந்த பெண்ணின் வயிறு பருத்திருக்கும். வேறு குட்டையில் விட விரும்புவோர் இவ்வடையாளங்களைக் கொண்டு இரண்டையும் கலந்து எடுக்கலாம்.

ஜப்பானிலும் கொரியாவிலும் இதன் இனத்து மீனை வளர்த்து உண்கின்றனர். சமைக்குமுன் அதனைத் தெளிந்த நீரில் விட்டுவைத்தோ உப்பிட்டோ சேற்றைக் கக்கச் செய்வர். மதுரைப் பெண்டிர் உயிருள்ள அயிரையைத் தேங்காய்ப்பாலிலோ மோரிலோ விடுவதும், பின் உப்பிட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவதும் இதன்பொருட்டே. அயிரையை அறுத்துக் குடல் நீக்குவதில்லை, முழுமையாகவே குழம்பிலிடுவர். செத்த மீன் மணலைக் கக்காது. வாங்குவோர் அதனை ஒதுக்கிவிடுவர். ஆதலால் சந்தைக்குக் கொணர்வோர் அகன்ற வாயுள்ள பாத்திரத்தில், மீன் எளிதாக மேலே வந்து காற்றை விழுங்கக் கூடியவாறு குறைந்த ஆழத்தில் நீர் வைத்து, வெயில் ஏறுமுன் ஆரப்பாளையம் வந்து சேர்தல் வேண்டும்.