சாமிக் காட்டில் எந்தக் கொடி களை?

திருவிழாவுக்கு முன்னால் கோயில் காட்டைச் சுத்தம் பண்ணுவது எங்கள் மரக்காணம் பக்கத்து ஊர்களில் வழக்கம். அரிவாளோடு போகிறவர்கள் கண்ணில் படும் கொடியை எல்லாம் அறுத்துப் போடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். இந்தக் கடற்கரையின் சொந்தக் காடு உலர் பசுமைமாறாக் காடு. கொடி இல்லாமல் அது காடே இல்லை. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போய்ப் பாருங்க, மரத்துக்கு மரம் கொடி பின்னிக் கிடக்கும். மோதிரக்கண்ணி, ஆதொண்டை, பிரண்டை எல்லாம் இந்த மண்ணின் பிள்ளைகள். முற்றிய கொடியை அறுத்தால் மேலே கூரை திறந்து வெயில் இறங்கும். வெயில் இறங்கிய இடத்தில்தான் வந்தேறிக் களை ஏறும்.

அப்படி ஏறுவதில் நான் அடிக்கடி பார்ப்பது சிறுபூனைக்காலி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, பேஷன் ஃப்ரூட்டுக்கு உறவு. காட்டு ஓரத்து இளஞ்செடிகள் மேல் போர்வை மாதிரி படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும்.

இலை மூன்று மடலாக, மெத்தென்று மயிரோடு இருக்கும். கசக்கினால் நாற்றம். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்திலிருந்து சுருண்ட பற்றுக்கம்பி கிளம்பும். பூ வெள்ளை, நடுவில் ஊதா. உறுதியான அடையாளம் காய்தான்: பாசி சுற்றியது போலப் பிசுபிசுப்பான பச்சை வலைக்குள் உட்கார்ந்திருக்கும். சின்னப் பூச்சிகள் அதில் ஒட்டிச் செத்துக் கிடக்கும்.

நாற்றத்தை மட்டும் நம்பாதீங்க. வேலிப்பருத்தியும் நாறும்; ஆனால் அதைக் கிள்ளினால் பால் வரும், பற்றுக்கம்பி கிடையாது. கோவைக்குப் பற்றுக்கம்பி உண்டு, ஆனால் இலை வழவழப்பு, நாற்றமில்லை, பழத்தைச் சுற்றி வலையும் இல்லை. முடக்கத்தானைக் காற்றடைத்த காயே காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் பூ வரும்வரை விட்டுவைத்துப் பாருங்க.

இதுதான் என்று தெரிந்தால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கொடியைப் பிடித்துக்கொண்டே அடிக்குப் போய் வேரோடு பிடுங்கணும். மேலே இருப்பதை இழுத்தால் இளஞ்செடி ஒடியும், அங்கேயே காயட்டும். காய் இருந்தால் முதலில் சாக்கில் பறித்துக்கொள்ளுங்க, குப்பைக்குழியில் போடாதீங்க. ஆட்டுக்கும் வேண்டாம், இலையிலும் காயிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கு. உப்பளத்து ஊர்தானே, உப்புத்தண்ணி ஊத்திடலாமேன்னு கேட்கிறவங்க உண்டு. மண்ணைக் கெடுக்கும் வேலை அது.

அப்புறம் நம்ம வேலி. பழத்தைக் குருவி தின்று விதையைக் காட்டில் போடுகிறது. வேலியில் பிடுங்காமல் காட்டில் மட்டும் பிடுங்கினால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் நாற்று நிற்கும்.