டிராக்டர் மராமத்துச் செலவு: சங்க அங்கத்தினருக்கு ஒரு கணக்குப் பாடம்

மேட்டூர் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், காவிரிப் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12 ஆகும். தண்ணீர் வாய்க்காலில் வந்த அன்றே குறுவைச் சேற்றுழவுக்கு எல்லா அங்கத்தினரும் டிராக்டரைக் கேட்பர். யந்திரம் சேற்றில் நின்றுவிடுவதும் பெரும்பாலும் அந்நாட்களிலேயே. டவுனிலிருந்து மெக்கானிக் வந்து பழுதைத் தீர்த்து, தம் கூலியைச் சொன்னவுடன், “இவ்வளவா?” என்ற கேள்வி எழுகின்றது. அத்தொகை அதிகமா, குறைவா என்பதைக் கோபத்தால் அறிய இயலாது, கணக்கால் அறியலாம்.

1. செலவின் நான்கு பகுதிகள்

மெக்கானிக்கை வரவழைப்பதில் நான்கு வகைச் செலவு உண்டு. முதலாவது, அவருடைய வழிச்செலவு. இதில் வண்டிக்கு வேண்டிய எண்ணெய் மட்டுமன்றி, வழியில் கழியும் அவரது நேரமும் அடங்கும். இரண்டாவது, வேலைக்கூலி. மூன்றாவது, புதிதாய்ப் போடும் சாமான்களின் விலை. நான்காவது, யந்திரம் நின்ற நேரத்தில் சங்கத்துக்கு வராமற்போன வாடகை. முதல் மூன்றும் ரசீதில் எழுதப்படும். நான்காவது எந்த ரசீதிலும் இராது; ஆயினும் நான்கினுள் அதுவே மிகப் பெரிது.

2. ஓர் உதாரணம்

இங்கே கண்ட தொகைகள் கணக்கைக் கற்பதற்காக வைத்துக்கொண்டவை. ஒரு சங்கம் தன் டிராக்டரை மணிக்கு 1,000 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகின்றது. ஓடினால் மட்டும் ஏற்படும் டீசல் முதலிய செலவு 550 ரூபாய். ஆகவே ஒரு மணி நேரம் நின்றால் நஷ்டம் 450 ரூபாய். நாளொன்றுக்கு வேலை 8 மணி நேரம். மெக்கானிக்கின் வழிச்செலவு ஒரு தடவைக்கு 600, கூலி 800, சாமான் விலை 450 என்க.

முதல் விதம்: “வண்டி நின்றுவிட்டது, வாருங்கள்” என்று மட்டும் சொல்லியனுப்பினர். மெக்கானிக் வந்து பார்த்தார். வேண்டிய சாமான் கையில் இல்லை. டவுனுக்குத் திரும்பி, வாங்கிக்கொண்டு மீண்டும் வந்தார். வழிச்செலவு 1,200, கூலி 800, சாமான் 450, ஆக 2,450 ரூபாய். இரண்டு நாள் நின்ற நஷ்டம் 7,200 ரூபாய். மொத்தம் 9,650 ரூபாய்.

இரண்டாம் விதம்: பழுதின் அடையாளங்களை முன்னரே தெளிவாகத் தெரிவித்தனர். அவர் சாமானோடு ஒரே தடவை வந்து முடித்தார். செலவு 1,850 ரூபாய். நான்கு மணி நேர நஷ்டம் 1,800 ரூபாய். மொத்தம் 3,650 ரூபாய்.

வித்தியாசம் 6,000 ரூபாய். கூலியில் 200 ரூபாய் குறைக்கும்படி அரை நாள் வாதாடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். யானையைக் கொடுத்தபின் அங்குசத்துக்கு வழக்காடுவது போன்றது அது.

3. சொல்லி அனுப்ப வேண்டியவை

டிராக்டரின் மாதிரிப் பெயர், தகட்டில் பொறித்த எஞ்சின் நம்பர், மணிகாட்டியில் கண்ட மணிகள், கடைசியாக எண்ணெய் மாற்றிய நாள் ஆகிய இவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சங்கத்தில் மாட்டி வைக்க வேண்டும். எஞ்சின் திடீரென நின்றதா, மெல்ல வலுக் குறைந்து நின்றதா. புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா. எவ்விடத்தில் ஒழுக்கு, எத்தகைய ஓசை என்பவற்றையும் தெரிவிக்க வேண்டும். இக்காலத்தில் கைத்தொலைபேசியில் படமே அனுப்பலாம்.

4. டிரைவர் செய்யக்கூடியவை

பல சமயங்களில் மெக்கானிக்கே வேண்டியதில்லை. டீசல் தொட்டி வறண்டால் குழாய்களில் காற்றுப் புகும்; பின் டீசல் ஊற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. கைப்பம்பு உள்ள எஞ்சின்களில், வடிகட்டியின் காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை பம்பை அடித்து, திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாட்டரி முனைகளில் பூத்த உப்பைத் துடைத்தல், ரேடியேட்டரில் அடைத்த தூசியையும் பதரையும் அகற்றுதல், விசிறிப் பட்டையின் தளர்ச்சியைச் சரிசெய்தல், சேற்றுழவு முடிந்த ஒவ்வொரு மாலையும் கழுவிக் கிரீஸ் இடுதல் ஆகியவை டிரைவரின் கடமைகள்.

ஆனால் டீசல் இஞ்செக்ஷன் பம்பை வயலில் வைத்துப் பிரிக்க ஒருவரையும் அனுமதிக்கலாகாது. அதைச் சோதனை மேடையுள்ள பட்டறையில்தான் அளந்து சரிசெய்ய முடியும். அதனுள் தூசி புகுந்தால் சிறு பழுது பெரும் பழுதாகும்.

5. சங்கம் செய்ய வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்தபின், குறுவைக்கு முன்னுள்ள மாதங்களில் யந்திரத்தை முழுதும் பரிசோதிப்பிக்க வேண்டும். அண்டைச் சங்கங்கள் மூன்றையும் சேர்த்து ஒரே நாளில் நான்கு டிராக்டர்களைப் பார்க்கச் செய்தால், 600 ரூபாய் வழிச்செலவு சங்கத்துக்கு 150 ரூபாயாகப் பிரியும். எண்ணெய் வடிகட்டி, டீசல் வடிகட்டி, விசிறிப் பட்டை ஆகியவற்றைச் சங்கத்திலேயே இருப்பு வைத்தல் நன்று. வேலை தொடங்குமுன் கூலியைப் பேசி முடிவு செய்க. முடிந்தபின் கழற்றிய பழைய சாமான்களையும் ரசீதையும் கேட்டுப் பெற்று, மராமத்துப் புத்தகத்தில் பதிக. நியாயமான கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கும் சங்கத்துக்கே, நெருக்கடி நாளில் மெக்கானிக் முதலில் வருவார்.

வினாக்கள்

1. சென்ற பருவத்தில் நமது டிராக்டர் எத்தனை மணி நேரம் நின்றது? அதனால் நேர்ந்த நஷ்டம் எவ்வளவு?

2. அப்பழுதுகளுள் நமது டிரைவரே தீர்த்திருக்கக்கூடியவை எவை?

3. அண்டைச் சங்கங்களோடு சேர்ந்து மெக்கானிக்கை அழைக்க ஏற்ற மாதம் எது? அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்க.